சண்டைக்காரர்தான் பொறுப்பு

புதுச்சேரியிலேயே புயல் மழைக்காக ஆசையோடு காத்திருந்த ஒரே ஆள் எங்கள் கருவடிக்குப்பம் தெருவில்தான் இருந்தார். சுனாமிக்கு அப்புறம் தெருவுக்குத் தெரு பேரிடர் கமிட்டி போடச் சொன்னார்கள். வேறு யாரும் கை தூக்காததால், மில் வேலை போய்ச் சும்மா இருந்த இவரைத் தலைவராக்கினோம். அன்றிலிருந்து அவர் பெயரே கமிட்டி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கழுத்தில் எப்போதும் ஒரு விசில். விடிவதற்குள் ஊதுவார். உடனே தெருவே வாசலில் நிற்க வேண்டுமாம், ஒத்திகையாம்!

"யோவ், மனுசன் தூங்க வேணாமா?" என்று நான் லுங்கியோடு வந்து கத்துவேன்.

"வெள்ளம் உங்களக் கேட்டுக்கினா சார் வரும்?"

நகராட்சிக்குப் புகார் எழுதினேன். கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் எங்கேயோ தூரத்தில் கீச்சென்று கேட்க ஆரம்பித்தது. எங்கிருந்து என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தத்தின் பின்னாலேயே போனேன். ரேஷன் கடைக்குப் பின்னால், பள்ளத்தில் கிடந்த பாழடைந்த மோட்டார் கொட்டாயில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். கமிட்டிக் கயிறு, டார்ச் எல்லாம் அங்கேதான். எனக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். அதற்கும் ஒரு புகார் எழுதினேன்.

ஆனாலும் ஆள் கில்லாடி. ஆபத்து வந்தால் எந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்று பிரித்துவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி அதைப் பார்த்து முழித்தார். குழாயடியில் தினமும் முடியைப் பிடித்துக்கொள்ளும் சரோஜாவும் மங்கலமும் ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு! தெரு முழுக்க இதே கதைதான்.

"என்னங்க இது, ஒத்துமையா இருக்கறவங்களச் சேர்க்கக் கூடாதா?"

"அவங்க எதையும் கவனிக்க மாட்டாங்க சார். சண்டைக்காரங்கதான் அந்த வீட்டுல யாரு வந்தா, யாரு போனா, எங்க படுத்தான்னு நாள் பூரா பாத்துக்கினு இருப்பாங்க."

"சரி, தனிக்கட்டையா இருக்கியே, உனக்கு யாரு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போட்டாச்சு" என்றார். யாரென்று சொல்லவில்லை. எனக்கு மண்டை குடைந்தது.

அந்த ஐப்பசியில் கொட்டிய மழையில் வாய்க்கால் பொங்கி, பட்டப்பகலில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். விசில் கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். மங்கலம் வேலைக்குப் போயிருந்தாள். அவள் மாமனாரோ எழுந்து நடக்க முடியாதவர். தூக்கப் போனவர்கள் முன்ரூமில் தேட, சரோஜா கத்தினாள்: "அங்க இல்ல! நேத்துதான் கட்டிலப் பின்னாடி மாத்தினா அந்த மகராசி!" பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

தலையை எண்ணினால் கமிட்டியைக் காணோம். விசில் சத்தமும் நின்றிருந்தது.

"கயிறு எடுத்தாறேன்னு போனாரே" என்றாள் சரோஜா. எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடி, தண்ணீர் அழுத்தித் திறக்க முடியாமல் இருந்த கொட்டாய்க் கதவை உடைத்தேன். உள்ளே மோட்டார் மேடையைப் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், விசிலைத் தொலைத்துவிட்டு நின்றிருந்தார்.

"லேட்டு சார்" என்றார், பல் கிடுகிடுக்க.

"அடப்பாவி! நான் வராம போயிருந்தா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படி வராம போவீங்க? உங்க பேரத்தான போட்டிருக்கேன்."

புது விசில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதை எதிர்த்து மாசாமாசம் புகாரும் எழுதினேன். நிறுத்தினால், சண்டை முடிந்துவிட்டது என்று என் பேரை எடுத்துவிட்டு வேறு யாரையாவது போட்டுவிடுவாரோ என்று பயம்.