ஊர் கேட்ட குற்றம்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் பெயரைச் சொல்லாமல் தப்பித்துவிடலாம். ஊரைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர், திருவாரூர் வருவதற்குள் உங்கள் ஊர், ஊரில் யார் வீடு, இந்த வருஷம் குறுவை உண்டா இல்லையா என்பது வரை கறந்துவிடுவார். இந்த வியாதி எனக்கும் உண்டு. ஒருமுறை அது ஒரு அரையிறுதிப் போட்டியையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது தஞ்சாவூரில் எல்.எல்.எம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எந்த வேலை கொடுத்தாலும் அளவுக்கு மீறிய சிரத்தையோடு செய்வேன். (ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டைக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவன்.) அந்த வருஷம் எங்கள் துறையில் மூட் கோர்ட் போட்டி நடந்தது. மூட் கோர்ட் என்றால் மாதிரி நீதிமன்றம். வழக்கு கற்பனை, கட்சிக்காரர் கற்பனை, கறுப்புக் கோட்டுக்குள் வழிகிற வியர்வை மட்டும் நிஜம். பல ஊர்ச் சட்டக் கல்லூரிகளிலிருந்து அணி அணியாக வந்து வாதாடுவார்கள். உதவிக்கு எங்களைப் பகுதி நேர வேலைக்கு எடுத்தார்கள். என் பதவி கோர்ட் ஆபீசர். (வழக்கு எண்ணைக் கூப்பிட வேண்டும், நேரம் முடியப்போகிறது என்று அட்டை காட்ட வேண்டும், தண்ணீர் பாட்டில் வைக்க வேண்டும். அம்மாவிடம் "கோர்ட்டுல ஆபீசர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.)

பொறுப்பாளர் சாந்தி மேடம் முதல் நாளே விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. எந்த டீமு எந்த ஊரு, எந்த காலேஜுன்னு ஜட்ஜுக்குத் தெரியவே கூடாது. பேருக்குப் பதிலா நாம குடுக்குற கோட் நம்பர் மட்டும்தான். அடையாளத்தக் காட்டிக்கிட்ட டீம் அவுட்டு."

அந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் பக்கம் ஒருவர் ஊர் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் அது சிநேகம். அடுத்ததாக 'எந்தத் தெரு?' என்று கேட்டால் விசாரணை வேறு. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. எங்கள் தெருவைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் தடை போட்ட ஒரு புத்தகத்தை அன்றுதான் கையில் வாங்கினேன். இதற்கு நாமே காவல் நிற்பது என்று முடிவு செய்தேன்.

காவல் மூன்றாம் நாள் காலை வரை தாங்கியது.

அன்று அரையிறுதி, கோட் ஆறுக்கும் கோட் பதினாலுக்கும். பதினாலில் ஒல்லியாக ஒரு பெண். காலையில் வராந்தாவில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னிக்கி ஜெயிச்சாத்தான் ஃபைனலு. நீ நன்னிலம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்காத. நானே வீட்டுக்கு வந்துக்குறேன்."

நன்னிலம்! எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். என் நெஞ்சுக்குள் வயல் நண்டு ஒன்று ஊர ஆரம்பித்தது.

அறையில் இரண்டு அணிகளும் உட்கார்ந்தாயிற்று. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வந்து அமர்ந்துவிட்டார். இன்னொரு நடுவரின் கார் வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் வெள்ளத்தைத் தாங்குவார்கள், வறட்சியைத் தாங்குவார்கள். ஒரு அறையில் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தாங்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் அந்தப் பெண்ணிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டேன்.

"ஏம்மா, நன்னிலத்துல எங்க?"

எங்கள் வீட்டில் ரகசியம் என்றால், இந்த வரப்பில் சொன்னது அடுத்த வரப்பில் கேட்க வேண்டும்.

அவள் பதில் பேசாமல் சட்டையில் குத்தியிருந்த நம்பரைத் தொட்டுக் காட்டினாள். நீதிபதி நிமிர்ந்துவிட்டார்.

"நன்னிலமா? அட, நம்ம சம்பந்தி வீடே அங்கதாம்மா இருக்கு! எந்தத் தெரு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான முகம்தான். என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். மடையைத் திறந்துவிட்டவன் நான்.

அவள் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பதினாலாம் நம்பர் தெரு, மை லார்ட்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அதற்குள் கோட் ஆறிலிருந்து ஒரு பையன் துள்ளி எழுந்தான்.

"அப்ஜெக்‌ஷன்! ஊரு தெரிஞ்சுபோச்சு. ரூல்படி பதினாலு அவுட்டு!"

சாந்தி மேடம் ஓடி வந்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். இரண்டு நாள் ஜெயித்து வந்த அணி, என் வாயால் வீட்டுக்குப் போகப் போகிறது. அந்தப் பெண்தான் பேசினாள்.

"மேடம், அடையாளத்தக் காட்டுனது நாங்களான்னு தெரியணும். இவர நான் குறுக்கு விசாரணை பண்ணலாமா?"

"பண்ணும்மா."

வருஷக்கணக்கில் சட்டம் படித்தவன் முதல்முதலாகக் கூண்டில் ஏறினேன். (கூண்டு கிடையாது. தண்ணீர் பாட்டில் கேஸ் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.)

"எங்க ஊர நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"இல்லீங்க மேடம்." (என்னைவிட நாலு வயசு சின்னவள்.)

"அப்பறம் எப்புடித் தெரியும்?"

"போன்ல பேசுனது காதுல விழுந்துச்சுங்க."

"விழுந்துச்சா? இல்ல, விழுற தூரத்துல போய் நின்னீங்களா?"

"நின்னேங்க."

"இந்த ரூம்ல ஊர் பேர மொதல்ல சொன்னது யாரு?"

"நாந்தாங்க."

"அதுக்கு நான் பதில் சொன்னேனா?"

"சொல்லலீங்க. ஆனா பக்கத்து ஊருதானேன்னு ஒரு இதுல..."

"ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"இல்லீங்க மேடம்."

"விட்டுரும்மா," என்றார் நீதிபதி. "சாட்சி அழுதுருவாரு போலருக்கு." பிறகு அவளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "ரூல மீறுனது ரெண்டு பேரு. ஒண்ணு இந்தத் தம்பி. இன்னொண்ணு நான். நான் அதக் கேட்டுருக்கக் கூடாது."

அவர் அடுத்த அறைக்கு மாறினார், அந்த அறை நடுவர் இங்கே வந்தார். பதினாலு தப்பியது. என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே நான் கேட்க அனுமதிக்கப்பட்ட ஒரே கேள்வி, "ஊறுகாய் வேணுங்களா?"

மதியம் அந்தப் பெண் தட்டோடு வந்தாள். ஜெயித்திருந்தாள்.

"சாயங்காலம் ஃபைனலு. அதுவரைக்கும் வாயத் தொறந்துடாதீங்கண்ணே."

திறக்கவில்லை. இரண்டு அப்பளம் அதிகமாக வைத்தேன்.

அடுத்த வருஷ விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: பணியாளர்கள் போட்டியாளர்களிடம் ஊர் விசாரிக்கக் கூடாது. இன்றுவரை அதற்கு 'நன்னிலம் ரூல்' என்றுதான் பெயர். (ஊர்ப் பெயரே வெளியே வரக் கூடாது என்கிற விதிக்கு!)

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு என்னா சொல்லுச்சு? இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டுக்கொண்டார்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்து இலையில் ஒரு பெரியம்மா. ஊரைக் கேட்டார். அம்மா சொன்னார்.

"எந்தத் தெரு?"

"பதினாலாம் நம்பரு."

"அப்புடி ஒரு தெரு இருக்கா என்ன?"

"இப்பத்தான் போட்டுருக்காங்க," என்றார் அம்மா, பாயசத்தை வழித்துக்கொண்டே.