அலமாரி நகராது, மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் மரியாதையோடும், அந்த மரியாதை இடம் கொடுக்கும் அளவுக்குக் கோபத்தோடும் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் நலம். என் சிடி அலமாரியும் நலம். அது நலமாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் வந்திருந்தபோது, பின்னறையில் சுவர் நீளத்துக்கு நிற்கும் அந்த அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இனிமே எதுக்கு மாமா? ஹை ரெஸ்ல, அதான் சிடியைவிடத் துல்லியமா, டவுன்லோடு பண்ணிட்டா இதைவிட நல்லாக் கேக்கும், இடமும் மிச்சம். பாப்பாவுக்குக் கட்டில் போட்டுடலாம்" என்றீர்கள். என் மகள், நான் பெற்ற மகள், அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்தாள். நீங்கள் மூவரும் இங்கே குடிவருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். பேத்தி கூடத்தில் படுக்கலாம், என் தலைமேல் ஏறிப் படுக்கலாம், ஆனால் அலமாரி இருக்கும் இடத்தில்தான் படுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? உடனே பந்தயம் கட்டினீர்கள். டவுன்லோடுதான் உசத்தி என்று என் காதே ஒத்துக்கொண்டால் அலமாரி போகும், இல்லையென்றால் நீங்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நானும் சம்மதித்தேன். லிஃப்ட் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்ன காது இது.

முதலில் விலையைச் சொல்கிறேன். நான் வருஷக்கணக்காகச் சிடியில் கேட்டுவரும் ஒரு வயலின்கார அம்மாளின் ஆல்பத்தையே டவுன்லோடாக வாங்கப் போனால் சிடி விலையைப்போல இரண்டு மடங்கு. பெட்டி கிடையாது, படம் போட்ட சின்னப் புத்தகம் கிடையாது, தட்டு கிடையாது, கடை கிடையாது, கடைக்கு வாடகையும் கிடையாது. எதுவுமே இல்லாததற்கு எப்படி ஐயா எல்லாம் இருப்பதைவிட விலை அதிகம்? ஓட்டலில் மேசை, நாற்காலி, தட்டு எதுவும் தராமல் சாப்பாட்டை மட்டும் உள்ளங்கையில் கொட்டிவிட்டு இரண்டு மடங்கு பில் போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? பிடிக்காவிட்டால் திருப்பி விற்க முடியாது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குப் பிறந்தநாள் பரிசு என்று தள்ளிவிடவும் முடியாது. இருந்தாலும் பந்தயமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். வாங்கினால், கணினி "இடம் போதவில்லை, எதையாவது அழி" என்கிறது. இடம் மிச்சம் என்று சொன்னது நீங்கள்தானே? இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைப் பார்த்து அழித்தேன். அது உங்கள் கல்யாண வீடியோ என்று பிறகு தெரிந்தது. உங்களிடம் இன்னொரு பிரதி இருக்கும் என்று நம்புகிறேன்.

காசு கொடுத்த பொருளைக் கையால் தொடக்கூட முடியாவிட்டால் எப்படி? அதனால் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு தெருமுனைக் கணினிக் கடைக்குப் போய், ஒரு வெற்று சிடியில் பதியச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து, சாட்சிக்கு உங்கள் மாமியாரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு. அடுப்புல பால் வச்சிருக்கேன், விடுங்க" என்றாள். என் காதின் தீர்ப்பும் அதுவே. இம்மி வித்தியாசம் இல்லை.

ஆகவே அலமாரி நகராது. நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், மகள் மூக்கைச் சிந்தினாலும், பேத்தியை முன்னால் விட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தாலும் நகராது.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். தங்களுக்கும் ஆசிகள், தோற்றவர் என்ற முறையில் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
ஜெயித்த மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். வரும் வழியில், வெற்றிச் செய்தியைச் சொல்லலாமே என்று கணினிக் கடைக்குள் நுழைந்தேன். "சார், சிடில பதிஞ்சா அது வெறும் சிடிதான். ஹை ரெஸ் எல்லாம் அதுல தங்காது. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் எல்லாம் தெரியும்னுட்டீங்க" என்றார் கடைக்காரர். ஆக, இரண்டு மடங்கு விலையும் பதிவுக் கூலியும் கொடுத்து, என்னிடம் ஏற்கெனவே இருந்த சிடியையே நான் இன்னொரு முறை செய்துகொண்டிருக்கிறேன். அன்று பதிவதற்காக ஏற்றிய அசல் அவர் கணினியில் அப்படியே இருந்தது. ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு நிசப்தம் வரும். வெறும் நிசப்தம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதற்குள் அந்த அம்மாள், வில்லை மறுபடி தந்தியில் வைக்கும் முன், மெல்ல மூச்சை இழுத்துக்கொள்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவும் கடையில், நாலு பேர் முன்னால். அது ஹெட்போனின் சாமர்த்தியமாகவும் இருக்கலாம். ஆனால் பந்தயம் என் காதின்மேல்தான், அது ஒத்துக்கொண்டுவிட்டது. மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை, நன்றாக வந்திருக்கிறது. தச்சரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கட்டிலின் அளவை மகளிடம் கேட்டு அனுப்பவும். விலை விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.