சிவப்பு ஆறுதலாத்தான் வரும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக எனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. இருபத்தாறில் பழகியிருந்தால் பௌதிகவியல் ஆசிரியையாகியிருப்பேன். இப்போது ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு இலக்கம் போடுகிறேன்.

பட்டம் பெற்று மூன்று வருடங்களாக அரச நியமனம் வரவில்லை. நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் உயர்தர வகுப்புக்கு ஆள் தேவை என்றார்கள். ஒரு மணித்தியாலம் படிப்பித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பதை விட்டுவிட்டு, அப்பா இணுவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றி வந்தார். தகரக் கொட்டகையின் அரைச்சுவருக்கு வெளியே நின்றுகொண்டார். நான் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்கும்.

பாடம், போட்டன். (ஒளி சின்னச் சின்னச் சக்திப் பொட்டலங்களாக வருகிறது, ஒரு பொட்டலம் ஒரு போட்டன்.) சிவப்பு ஒளியின் அலைநீளம் எழுநூற்றைம்பது நனோமீற்றர் என்று எழுதினேன். ஒளியின் வேகத்தை அதால் பிரித்தால் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது வரும். அதிலிருந்து போட்டனின் சக்தி. நனோமீற்றரை மீற்றராக்கும்போது ஒன்பதுக்கு முன்னால் வரவேண்டிய சய அடையாளத்தை (மைனஸைத்தான்) விட்டுவிட்டேன். விடைக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன்.

முன்வரிசை வாங்கில் இருந்த பெண் எழும்பினாள்.

"மிஸ், அப்ப ஒருக்கா அதிர நாற்பது நிமிசத்துக்கு மேல போகுமே?"

ஒளி செக்கனுக்குக் கோடானுகோடி தரம் அதிரவேண்டும். பலகையைப் பார்த்தேன். பிழை எங்கே என்று தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். என் வாய் சொன்னது வேறு.

"சிவப்பு ஆறுதலாத்தான் வரும்." (எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் மெதுவும்தான்.)

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பேனையை மூடிவைத்தாள். பின்வரிசையில் கொப்பிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பொறுப்பாளர் வாசலுக்கு வந்து, "தங்கச்சி, நாங்கள் பிறகு கோல் எடுக்கிறம்" என்றார். இன்னும் எடுக்கவில்லை.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்தேன். பாதி வழியில் அவர் சொன்னார்: "வடிவாப் படிப்பிச்சனி, பிள்ளை. சிவப்பு ஏன் சுணங்குது எண்டு எனக்கே விளங்கிட்டுது."

அதன்பிறகு கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் அந்த விளக்கத்தைச் சொல்லி வந்தார். அது பிழை என்று வீட்டில் தெரிந்தவர், நான் சொல்லியிருந்த அண்ணன் ஒருவர்தான். எங்காவது போக நான் வெளிக்கிடச் சுணங்கினால், "விடுங்கோ, அவள் சிவப்பு" என்பார். அப்பா அதையும் பாராட்டென்றே எடுத்துக்கொள்வார்.

போன மாதம், உயர்தரம் படிக்கும் அண்ணனின் மகள் கொப்பியோடு வந்தாள்.

"மாமி, சிவப்பு ஆறுதலாத்தான் வருமெண்டு அப்பப்பா சொல்லுறார். சரியோ?"

கதிரையில் இருந்த அப்பா என்னைப் பார்த்தார். கண் இப்போது அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.

அவர் கைகழுவ எழுந்து போனதும் அவளைக் கிட்டக் கூப்பிட்டேன்.

"சோதனையில மட்டும் உந்த விடையை எழுதிப்போடாதை."