கைண்ட்லி போடாத மனு

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஒரே ஒரு சொல்லை வைத்துக் கட்டி மேய்த்த மனிதர் ஒருவர் எங்கள் மொரீஷியஸில் இருந்தார். அவர் கவர்னரும் இல்லை, வக்கீலும் இல்லை. தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊரின் சந்தை வாசலில் ஒரு வாதாம் மரத்தடியில், ஒரு கால் குட்டையான மேஜையும் ஒரு கிழட்டு டைப்ரைட்டரும் வைத்துக்கொண்டு ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கு அவர் கைண்ட்லி தோந்தோன். எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் தோந்தோன் என்றால் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும்தான்.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, நான் துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவாவிலிருந்து தெற்கே ஒரு சர்க்கார் ஆபீசுக்குக் குமாஸ்தாவாகப் போனேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் மேஜைக்குப் பின்னால் உட்காருகிறான் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் வரும் மனுக்களை வாங்கி, பிரித்து, துரையின் மேஜையில் வைப்பது என் வேலை. முதல் வாரமே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பத்து மனு வந்தால் அதில் எட்டு ஒரே கையிலிருந்து வந்தவை.

'எங்கள் தெருவில் கைண்ட்லி குழாய் இல்லை. கைண்ட்லி ஒரு குழாய் போடவும்' என்று ஒன்று. 'பக்கத்து வீட்டுப் பன்றி கைண்ட்லி என் மரவள்ளித் தோட்டத்தில் புகுந்துவிட்டது' என்று இன்னொன்று. 'என் தகப்பனார் போன செவ்வாய்க்கிழமை கைண்ட்லி காலமானார்' என்ற மனுவைப் படித்தபோது நான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். அந்த டைப்ரைட்டரில் கே எழுத்து உழைத்து உழைத்துத் தேய்ந்து போயிருந்ததால் ஒவ்வொரு கே-க்கும் பேனாவால் ஒரு கால் வரைந்து ஒட்ட வைத்திருப்பார்.

துரை இங்கிலாந்திலிருந்து வந்தவர், ஒல்லியாக இருப்பார், சிரிக்கத் தெரியாது. அவரிடம் ஒரு சிவப்புப் பென்சில் உண்டு. மனுவைப் படிக்குமுன் அதிலுள்ள கைண்ட்லிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார். மாதம் ஒரு பென்சில் தீரும்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கைண்ட்லி என்றால் அன்போடு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆபீசுக்கு வந்தபின் அது தயவுசெய்து ஆயிற்று. துரை ஒருமுறை யாரையோ பார்த்து 'கைண்ட்லி வெளியே போ' என்றதைக் கேட்டபோது, அதற்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் இருப்பது தெரிந்தது. படித்தவன் என்ற திமிரோடு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வாதாம் மரத்தடியில் நின்று இந்த மூன்றையும் தோந்தோனுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேச்சு முழுக்கக் கிரியோலில்தான். எங்கள் தமிழ் கோயில் வாசலைத் தாண்டாதது. உங்களுக்காக இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

"மூணும் ஒண்ணுதான் தம்பி. அன்பா சொல்லு, கெஞ்சிச் சொல்லு, கோவமா சொல்லு. எதிர்ல நிக்கிறவனை மனுஷன்னு நெனச்சாத்தான் அந்த வார்த்தை வாயில வரும்" என்றார்.

பிறகு தன் தொழில் ரகசியத்தை எனக்குச் சொன்னார். மூன்று கைண்ட்லிக்குக் குறைந்தால் துரைக்கு மரியாதை இல்லை, ஏழுக்கு மேல் போனால் நமக்கு மரியாதை இல்லை. குழாய்க்கு மூன்று, புயலில் பறந்த கூரைக்கு ஐந்து. ஏழு என்பது உயிர் போகிற சங்கதிக்கு மட்டும். மனு எழுதி முடித்தாலும் ஆளை அப்படியே அனுப்பிவிட மாட்டார். தாள் மட்டும் பேசினால் போதாது, வாயும் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. மேஜைக்கு முன்னால் நிற்கவைத்து, முதுகை நிமிர்த்தச் சொல்லி, தலையைச் சொறியாமல் 'கைண்ட்லி' சொல்லப் பழக்குவார். சரியாக வரும்வரை தாளைக் கையில் தர மாட்டார். கரும்பு வெட்டுகிறவர், மீன் விற்கிறவர், எழுத்து வாசனையே இல்லாத கிழவி எல்லாரும் அந்த மரத்தடியில் இங்கிலீஷ் படித்துத் தேறினார்கள். மொத்தப் பாடமே அந்த ஒரு சொல்தான்.

இந்தச் சொல்லை அவர் பஸ் கண்டக்டரிடம் சொல்வார், குரைக்கிற நாயிடம் சொல்வார். காவடித் திருவிழாவில் அரோகராவுக்கு நடுவே 'கைண்ட்லி முருகா' என்று அவர் கும்பிட்டதை நானே கேட்டேன். முருகனுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றேன். பன்னிரண்டு காது வைத்திருக்கிறாரே, ஒன்றிலாவது விழாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சந்தை எல்லைக்குள் பொருள் விற்பவர்கள் மட்டுமே உட்காரலாம், மற்றவர்கள் மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த நோட்டீசை டைப் அடித்த பாவி நான்தான். அடித்து முடித்த பிறகுதான் அது யார் தலையில் விழும் என்று உறைத்தது. தோந்தோனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பக்கத்தில் சுரினாம் என்ற கிராமத்தில், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒற்றை அறை. அங்கே போய் உட்கார்ந்தால் மனு எழுத யார் தேடி வருவார்கள்? அந்த மரத்தடி போனால் அவர் வாய்திறந்து பேச ஆளே இருக்காது.

நோட்டீஸ் ஒட்டிய நாலாம் நாள் அவருடைய மனு வந்தது. முதல் தடவையாகத் தனக்காக எழுதியது. எப்படியும் ஏழு இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். ஒன்றுகூட இல்லை. 'இந்த மார்க்கெட் வாசலில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தொடர்ந்து உட்கார விரும்புகிறேன்' என்று இரண்டே வரி. கே முழுதாக உடைந்துவிட்டதோ என்று பார்த்தேன். 'மார்க்கெட்'டில் கே இருந்தது, பேனாக் காலோடு.

துரை சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு தாளை வாங்கினார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடினார். மூன்று வருடமாக அடித்துத் தள்ளிய சொல் ஒன்றுகூட அகப்படாதது அவருக்கு அவமானமாகிவிட்டது. இந்த ஆள் எனக்கு உத்தரவு போடுகிறானா என்று கேட்டு, தாளை நிராகரித்த மனுக்களின் கட்டில் எறிந்தார்.

நான் அன்று சாயங்காலமே ஓடினேன். ஒரே ஒரு கைண்ட்லி போட்டுப் புது மனு கொடுங்கள், கட்டு மேலே போகுமுன் நான் மாற்றி வைக்கிறேன் என்று மன்றாடினேன். அவர் டைப்ரைட்டரைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"ஊராருக்குன்னா நூறு போடுவேன் தம்பி. எனக்குன்னு கேக்கறப்ப கை வரமாட்டேங்குது" என்றார்.

  பக்கத்தில் தக்காளி விற்கும் அக்கா ஒருத்தி, பெயர் மாரியாயி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கூடைக்குத் தண்ணீர் தெளித்தபடி இருந்தாள். கேட்டு முடித்ததும் கூடையை விட்டுவிட்டு மீன்காரர் பக்கம் நடந்தாள். 

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் ஒரு பஸ் நின்றது. அதிலிருந்து மாரியாயி இறங்கினாள். அவள் பின்னால் இன்னும் நாற்பது பேர் இறங்கினார்கள். எல்லாரும் என் ஜன்னலுக்கு நேரே வரிசையாக நின்றார்கள். ஒருவர் கையிலும் தாள் இல்லை. மனு எழுதுகிறவருக்காக மனு எழுத வேறு ஆள் ஏது?

மாரியாயி முதுகை நிமிர்த்தினாள். "கைண்ட்லி" என்றாள். ஒதுங்கிப் போய் நின்றுகொண்டாள். அடுத்து மீன்காரர் வந்து "கைண்ட்லி" என்றார். அடுத்து குழாய் வந்த தெருவிலிருந்து ஒரு பெண். அடுத்து பன்றியால் மரவள்ளி போனவர், அவருக்குப் பின்னாலேயே பன்றிக்குச் சொந்தக்காரர். ஒரு தாத்தா பயத்தில் தலையைச் சொறிய, மாரியாயி அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். அவர் விறைப்பாக நிமிர்ந்து இரண்டு தடவை சொன்னார்.

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். இவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்று என்னிடம் கேட்டார். இவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான் சார், எல்லாரும் அந்த மரத்தடி மனிதருக்காகத்தான் கேட்கிறார்கள் என்றேன். அந்த ஆள் சந்தையில் விற்கிற பொருள்தான் என்ன என்றார்.

"இதைத்தான் சார்" என்றேன்.

துரை நாற்பத்தொரு பேரும் சொல்லி முடிக்கிறவரை அங்கேயே நின்றார். உள்ளே போகையில் அவர் உதட்டோரம் என்னவோ அசைந்தது. சிரிப்பு என்றுதான் நான் இன்றுவரை சாதிக்கிறேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, சந்தை லைசென்ஸ் ஒன்றைத் தானே சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்தார். 'விற்கும் பொருள்' என்ற கட்டத்தில் என்ன போட என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே 'கைண்ட்லி' என்றார். சிவப்புப் பென்சில் மேஜையில் படுத்தே கிடந்தது.

மறுநாள் அதை வாங்கிப்போகக் கைண்ட்லி தோந்தோன் வந்தார். வெள்ளைக் கோட்டு, பாலிஷ் போட்ட சப்பாத்து. வரிசையே இல்லாத இடத்தில் வரிசையில் நின்று, ஜன்னலுக்கு வந்து, முதுகை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் பழக்கிக் கொடுத்த சொல் அவருக்கு வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

நான் எழுந்து, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைச் சுற்றி அவரிடம் போனேன்.

"கைண்ட்லி உக்காருங்க, தோந்தோன்" என்றேன்.

யாரிடம் சொல்கிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாருமில்லை. அந்தச் சொல்லை என் சர்வீசில் ஆயிரம் தடவை டைப் அடித்திருக்கிறேன். மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான்.