தோர்த்து சேச்சி கேட்ட உத்தரவு

திருவனந்தபுரத்தில் மந்திரியை எதிர்த்துப் பேசுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. தோர்த்து சேச்சியை எதிர்த்துப் பேசியவர் இன்றுவரை ஒருவர்கூடக் கிடையாது. பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் பிசியோதெரபிஸ்ட். தோர்த்து என்றால் இங்கே துண்டு, சேச்சி என்றால் அக்கா. எந்தத் துண்டைக் கண்டாலும் சுருட்டி, குறைமாதக் குழந்தையைச் சுற்றிக் கூடுபோல் அணைகட்டி விடுவார். அதனால் அந்தப் பெயர். பிறந்தது நாகர்கோவில் பக்கம். கேன்டீனில் அவர் டீ சொன்னால் பார்க்கிங்கில் இருப்பவருக்கும் கேட்கும். வார்டுக்குள் நுழைந்ததும் அதே தொண்டை கிசுகிசுக்கும்.

என் மகள் அவசரக்காரி. தேதிக்கு வெகுமுன்பே வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டாள். பாலை உறிஞ்சத் தெரியாததால் வாய்வழியே குழாய். தானாக உறிஞ்சிக் குடித்தால்தான் வீடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ அவளைத் தொடவே பயம். கழக்கூட்டம் ஐ.டி. கம்பெனியில் கீபோர்டைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத கை.

சேச்சிக்கு ஒரு வழக்கம். குழந்தையைத் தொடுமுன் உத்தரவு கேட்பார். "மேடம், தொடட்டா?" குழந்தை விரல்களை விரித்தால் இப்போது வேண்டாம் என்று அர்த்தமாம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரையே மறித்தார்.

"சாரே, மேடத்துக்கு இப்போ சௌகரியம் இல்லா. கொஞ்சம் கழிஞ்சு வாங்க."

டாக்டர் என் மகளிடம் 'சாரி' சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

எனக்குப் பயிற்சி கேன்டீனில். பழுத்த பப்பாளி ஒன்றைத் தோர்த்தில் சுற்றி மேஜைமேல் வைத்தார். "தூக்குங்க மக்ளே. தலையத் தாங்கணும், கேட்டியளா?"

தூக்கினேன். துணியைப் பிரித்துப் பார்த்தார். "அஞ்சு விரலும் பதிஞ்சு கெடக்கு. இது பிள்ளையா, பரோட்டா மாவா? போய் வேற பப்பாளி வாங்கிட்டு வாங்க."

பக்கத்து மேஜைகளில் சாப்பாடே நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்க நானும் ஆஸ்பத்திரி வாட்ச்மேனும் நசுங்கிய பப்பாளியாகவே தின்றோம்.

ஒருவழியாகத் தேறி, கை கழுவி, பெட்டி முன்னால் நின்றேன். "மேடம், தொடட்டா?" மகள் ஐந்து விரலையும் விரித்தாள். பெற்ற அப்பனுக்கே அனுமதி இல்லை.

"கோவப்படாதீங்க. நில்லுங்க," என்றார் சேச்சி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நின்றேன். மகள் மெல்ல விரல்களை மடக்கி, கையை வாயருகே கொண்டுபோனாள்.

"உத்தரவு ஆயாச்சு."

உறிஞ்சப் பழக்குவதற்காக, சேச்சி காட்டியபடி கன்னத்திலிருந்து உதடுவரை விரலால் நீவினேன். அன்றுமுதல் பால் நேரத்துக்கு முன்னால் எனக்கு இதே உத்தியோகம். ஒரு மத்தியானம் அவள் உதடு குவிந்தது. அம்மாவின் மார்பில் வைத்ததும், ஏதோ நாள்பட்ட பழக்கம்போல, உறிஞ்சிக் குடித்தாள். நான் விசும்பி அழுதுவிட்டேன்.

"சத்தம் போடாம அழுங்க," என்று அதட்டிய சேச்சி, தன் கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பிய நாளில் வாசல்வரை வந்தார். மகள் அவர் விரலைப் பற்றிக்கொண்டாள். பின்னால் ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும் என்று செக்யூரிட்டி விசில் ஊதினார். கார் டிரைவர் எங்களைப் பார்த்தார்.

"மேடம், கைய எடுக்கட்டா?" என்று மகளிடம் கேட்டார் சேச்சி.

பிடி தளரவில்லை.

"உத்தரவு கிடைக்கல மக்ளே," என்றார் சேச்சி. விரலை விடுவித்துக்கொள்ளாமல், எங்களோடு காரில் ஏறி கேட்வரை வந்தார்.

உண்மையைச் சொன்னால், அவரை அங்கே இறக்கிவிட எனக்கும் மனசில்லை.