பூட்டிய பெட்டிக்குள் ஒரு மாப்பிள்ளை

மேடையில் மேஜிக் செய்கிறவனுக்குப் பயம் இருக்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தாராளமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, ஒன்பதில் என்ன ஆகுமோ என்ற கவலையில்தான். (வீட்டில் கேட்டால் கணக்குப் பரீட்சையைச் சொல்வார்கள். நம்பாதீர்கள்.)

திண்டுக்கல்லில் தச்சுப் பட்டறை வேலை. லீவு நாட்களில் விசேஷ வீடுகளில் மேஜிக். கன்னிவாடி செல்வியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்குச் சம்மதம். கத்தரித் தோட்டம் வைத்திருந்த அவள் அப்பாவுக்குத்தான் இல்லை. காசை மறைக்கிறவன் கல்யாணத்துக்குப் பிறகு தானே மறைந்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது என்று கேட்டாராம்.

அவர் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. மண்டபத்தில் சும்மாவே மேஜிக் செய்கிறேன் என்று வலியப் போய் ஒப்புக்கொண்டேன். மனிதரை அசத்திவிட்டு, அங்கேயே பெண் கேட்டுவிடுவதாகத் திட்டம்.

பெட்டி என் கையால் செய்தது. உள்ளே என்னை வைத்துப் பூட்டித் திரை போட்டதும், பின்பலகையைத் தள்ளி வெளியேறி, மண்டப வாசலில் மாலையோடு நிற்க வேண்டும். ஆனால் பாதியில் பலகை தானாக நகர்ந்து மானம் போய்விட்டால்? முதல் நாளே ஆறு திருகாணி போட்டு அதை இறுக்கிவிட்டேன். முன்னால் தொங்குவது எப்படியும் போலிப் பூட்டு. பலமாக இழுத்தால் சாவியில்லாமலே திறந்துகொள்ளும். திரைக்குள் கூட்டாளி சேகர் இழுத்துவிட்டால் போதும். இவ்வளவு முன்யோசனை யாருக்கு வரும்?

பூட்டுவதற்குச் செல்வியின் அப்பாவையே மேடைக்கு அழைத்துவிட்டுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் எனக்கு மறந்துபோனது. திண்டுக்கல் பக்கம் பூட்டைப் பூட்டியவர் அப்படியே போக மாட்டார். தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்ப்பார். (நானே வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுப்பேன். நான்காவது முறைக்குத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன்.)

அவரும் இழுத்தார். பூட்டு கையோடு வந்துவிட்டது.

“ஏலே அப்பு, கடைக்காரன் உன்னய நல்லா ஏமாத்திப்புட்டான்” என்றார், உண்மையான அனுதாபத்தோடு. பிறகு, மோட்டார் ரூமுக்காகக் காலையில்தான் திண்டுக்கல்லில் வாங்கிய பூட்டை மஞ்சப்பையிலிருந்து எடுத்தார். பூட்டினார். இரண்டு முறை இழுத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

சேகர் மைக்கைக் கீழே வைத்தான். பிறகு பந்திக்கு ஓடி அவரிடம் சாவி கேட்டிருக்கிறான். “வித்தை தெரிஞ்சவன் வந்துருவான், செத்த இரு” என்று, அவனையும் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டார். (அவன் உட்கார்ந்தும்விட்டான்.)

காற்றுத் துளை வழியாகக் கறிக்குழம்பு வாசம் மட்டும் வந்தது. பெண் போனதையும் பசி எடுத்ததையும் ஒரே நேரத்தில் உணர்ந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் பந்தி முடிந்தது. ரெண்டாம் பந்திக்கு இலை போடும்போது திரைக்குள் செல்வி வந்து பெட்டியைத் தட்டினாள்.

“நெசமாவே மாட்டிக்கிட்டீங்களா?”

“சாவி” என்றேன். வேறு மந்திரம் எதுவும் நினைவில் இல்லை.

அவள் அப்பா வந்து திறந்தார். கால் மரத்துப்போய் நண்டு மாதிரி பக்கவாட்டில் வெளியே வந்தேன். கைதட்ட வேண்டுமா, கூடாதா என்று மண்டபமே குழம்பியது. சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் செல்வியிடமிருந்து போன். அப்பா சம்மதித்துவிட்டாராம். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: “மாயமாப் போயிருவான்னுதான் பயந்தேன். பய அடைச்ச எடத்துலயே இருக்கான். பேசி முடிச்சிருவோம்.”

கல்யாணச் சீரில் அந்தப் பூட்டும் இருந்தது. இன்று எங்கள் வீட்டு வாசலில் தொங்குகிறது. மூன்று முறை இழுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். விசேஷ வீடுகளில் யாராவது என்னைத் தேடினால், என் மாமனார் இலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

“மாப்பிள்ளையா? வச்ச எடத்துலதான் இருப்பாரு, போய்ப் பாரு.”