பொட்டு வைத்த பொருள் திரும்பப் பெறப்படாது

ஒரு காட்டில், ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடை இருந்தது. வாங்க வருபவர்களுக்கு முன்வாசல். அங்கே நான்கு மான்கள் சிரித்த முகமாக ரோஸ்மில்க் கொடுத்தன. "ஏழு நாளில் திருப்பித் தரலாம். கேள்வியே கேட்க மாட்டோம்" என்று பெரிதாகப் பலகை வைத்திருந்தார்கள். திருப்பித் தருபவர்களுக்குப் பின்வாசல். முள்புதரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கவுன்டரில் ஓர் உடும்பு உட்கார்ந்திருந்தது. அந்த வேலைக்கு உடும்பைத் தேர்ந்தெடுத்தது யாரோ, அவருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

திலகவதி ஒரு முயல். வாங்கிய ஆறாம் நாள் அந்தப் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தாள். கையில் 'கூவி' என்றொரு கருவி. வளை வாசலில் மாட்டி வைத்தால் புலி வரும்போது கூவும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வளைக்குள் நான்கு குட்டிகள். ஒன்றுக்கும் இன்னும் நேராக ஓடத் தெரியாது. முந்தாநாள் புலி வாசல்வரை வந்தது, முகர்ந்து பார்த்தது, என்ன நினைத்ததோ, போய்விட்டது. கூவி வாயே திறக்கவில்லை. அவள் கணவன் பொன்னம்பலம் இட்லி மாவு வாங்கிக்கொண்டு திரும்பியபோது மட்டும் காடே அதிரக் கூவியது.

உடும்பு, பலகையில் சொன்னபடி, கேள்வி எதுவும் கேட்கவில்லை. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டு வச்சிருக்கீங்க மேடம்" என்றது.

"புதுசு இல்லையா? சந்தனம் குங்குமம் வைக்காம எப்படி மாட்டுறது?"

"சரியா அது கண்ணு மேல வச்சிருக்கீங்க. அது எப்படிப் புலியைப் பார்க்கும்?"

"நெத்தின்னு நினைச்சேன்." திலகவதி அவசரமாக முந்தானையால் துடைத்தாள். குங்குமம் போனது. இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் மட்டும் போகவில்லை.

"கறை பட்டா அது பயன்படுத்தின பொருள். பயன்படுத்தினதைத் திருப்பி எடுக்க மாட்டோம். பழுதுன்னு நிரூபிச்சா வேற ஒண்ணு தருவோம். இப்பதான் கண்ணைத் துடைச்சாச்சே, இனிமே கூவும். போயிட்டு வாங்க."

"எப்படிக் கூவும்? என் பின்னால பாருங்க!"

அவள் பின்னால், வரிசையில் அடுத்த ஆளாக, புலி நின்றுகொண்டிருந்தது. அதே புலி. கையில் எண்ணெயில்லாமல் பொரிக்கும் ஏர் ஃப்ரையர் ஒன்று. கூவி கவுன்டர் மேல், பச்சை விளக்கு எரிய, அமைதியாக இருந்தது.

"வரிசையில நிக்கிறவர் கஸ்டமர்" என்றது உடும்பு. "கடைக்குள்ள யாரும் புலி கிடையாது. வீட்டுல மாட்டி, புலி வரும்போது கூவலைன்னு வீடியோ எடுத்துட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். அடுத்து!"

புலி பெட்டியை வைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது. "டாக்டர் எண்ணெய் ஆகாதுன்னுட்டார். ஒரு முழு முயல் உள்ளே போகும்னு அட்டையில போட்டிருந்தீங்க. அளவெடுத்துப் பார்த்தேன். காது வெளிய நிக்கும் போலிருக்கு."

"இதுவும் பயன்படுத்தினது சார். எலுமிச்சம்பழ வாசனை வருது."

"திருஷ்டிக்குப் பெட்டியைச் சுத்தி நசுக்கினேன்யா. கொஞ்சம் தெறிச்சிருக்கும்."

"முயலை வச்சு வீடியோ எடுத்துட்டு வாங்க."

இருவரும் முள்புதரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். திலகவதிக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஓடினால் நாளை சாயங்காலத்துக்குள் வேறொரு புலிக்கு எங்கே போவாள்?

"ஐயா," என்றாள், நான்கடி தள்ளி நின்றுகொண்டு. "உங்களுக்கு ஒரு முயல் வேணும். எனக்கு ஒரு புலி வேணும்."

புலி யோசித்தது. "நாளைக்கு வர்றேன். வீடியோ எடுக்குற அன்னைக்குத் தின்ன மாட்டேன். மறுநாளைக்கு நான் பொறுப்பில்லை."

திலகவதிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. என்ன கிடைக்கும், எதுவரை கிடைக்கும் என்பது நேராகத் தெரிந்தது.

மறுநாள் காலை புலி ஏர் ஃப்ரையரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது. குட்டிகளை உள்ளே தள்ளி, வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு, பொன்னம்பலம் போனைப் பிடித்தான். படம் ஆடிய ஆட்டத்தில் புலிக்கு ஆறு கால் தெரிந்தது.

"கையை ஆட்டாதய்யா," என்று புலி அதட்டியது. அதட்டியதும் இன்னும் ஆடியது.

புலி பத்தடி தூரத்திலிருந்து பதுங்கி வந்தது. கூவி பேசவில்லை. புலி உறுமியது. பேசவில்லை. கருவியின் முகத்துக்கு நேராகப் பல்லைக் காட்டியது. பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. அடுத்து திலகவதி ஏர் ஃப்ரையரின் கூடைக்குள் ஏறி உட்கார்ந்தாள். காது இரண்டும் விறைப்பாக வெளியே நின்றன.

"ஏம்மா, பிளக் எங்க?" என்றது புலி, மரியாதைக்கு.

"இங்கதான்!" என்றான் பொன்னம்பலம். பிளக்கை வாயில் கவ்வியிருந்ததால் அது வேறெதுவோ போலக் கேட்டது.

சாயங்காலம் உடும்பு வீடியோவை இரண்டு முறை பார்த்தது. திலகவதி கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுக் கூவி கிடைக்கவில்லை என்றால் இன்று இரவிலிருந்தே முறை வைத்து விழித்திருக்க வேண்டும். பொன்னம்பலத்தின் முறையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"புலி வந்திருக்கு, சரி," என்றது உடும்பு. "ஆனா உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம். இது பாதுகாப்புக் கருவி. நீங்க பாதுகாப்பா இருக்கீங்க. அப்ப வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"அப்ப நான் செத்திருந்தா?"

"தாராளமா வேற தந்திருப்போம். ஆனா வாங்கினவங்களே பில்லோட நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

பின்னால் நின்ற புலி உறுமியபடி, தன் பெட்டியோடு முன்னால் வந்தது. உடும்பு பதறவில்லை. அட்டையைத் திருப்பி, எறும்பு சைஸில் இருந்த வரியை நகத்தால் காட்டியது. "படிங்க சார். 'படத்தில் உள்ள முயல் விளக்கத்துக்கு மட்டுமே.'"

புலி கண்ணாடி போட்டுப் படித்தது. கண்ணாடியைக் கழற்றியது. அவ்வளவு பெரிய உடம்பு அப்படிச் சுருங்கி திலகவதி பார்த்ததில்லை. உடும்பு ஷட்டரை இறக்கியது.

வெளியே வந்ததும் திலகவதி பெருமூச்சு விட்டாள். "அவனைச் சொல்லி என்ன ஐயா. நீங்களும் அவனை மாதிரிதானே."

"யாரு, நானா?"

"பின்னே? முன்னாடி ஒண்ணும் சொல்றதில்லை. திடீர்னு ஒருநாள் மேல விழுறது."

புலிக்கு முகம் சிவந்தது. "அந்தப் பயலோட என்னைச் சேர்க்காதே, ஆமாம்! நான் வர்றதா இருந்தா சொல்லிட்டு வருவேன். அடுத்த புதன்கிழமை, காலையில பத்து மணி. உன்னைத்தான் தின்ன வர்றேன். இதுல ஒளிவு மறைவு உண்டா?"

"புதன், பத்து மணி," என்று திலகவதி பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். "அதுக்கு அடுத்தது?"

"அதை அன்னைக்கே வாசல்ல எழுதி வச்சிட்டுப் போறேன்" என்றது புலி, மார்பை நிமிர்த்தி.

புதன்கிழமை ஒன்பதரைக்கு திலகவதி கணவனையும் நான்கு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள். சரியாகப் பத்து மணி அடிக்கும்போது புலி வந்தது. காலி வளைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பிறகு கரியை எடுத்து, எல்லாரும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், "அடுத்து: வெள்ளி, மாலை நாலரை" என்று எழுதிவிட்டு, பட்டினியோடு, ஆனால் தலை நிமிர்ந்து, திரும்பிப் போனது.

நீதி: புலியை நம்பிக் குடும்பம் நடத்தலாம், அதற்குப் பொடி எழுத்து எழுத வராது.